எழுந்தருளுவித்தல்

கோயில் திருவுருவைச் 'சிலை' என்று இந்நாளில் எளிதிற் கூறிவிடுகின்றோம். நம் முன்னோர் வழங்கிய சொல் வேறு.

1010-இல் நிறைவுற்ற தஞ்சை இராசராசேச்சுரத்துக் கல்வெட்டுகளை நோக்குங்கள். வேந்தனும் அவன் தமக்கை குந்தவையாரும் அளித்த செப்புத் திருமேனிகளின் உயரத்தை முழத்தாலும் விரலாலும் அவை குறிக்கின்றன. செம்பென்பதை அவர்கள் மறைத்தாரல்லர். ஆயினும் 'எழுந்தருளுவித்த' என்றே பொறித்தனர். ஆதித்தன் சூரியன் என்னும் அதிகாரி நாவரசர், சம்பந்தர், ஆரூரர் வடிவங்களை அமைத்தபோதும் இச்சொல்லே நின்றது.

எழுந்தருளல் இறைவன் செயல். அதற்கு இடமமைத்து வேண்டி நிற்றலே அடியார் செயல். சிற்பி வடித்தது செம்பு. அருள் வந்து நின்றபின் அது திருமேனி. இவ்விரண்டையும் அச்சொல் ஒருங்கே காக்கின்றது.

ஆதலின், இன்று வீதியில் வரும் பெருமானைக் காட்டி, 'சுவாமி எழுந்தருளுகிறார்' என்றே நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம். சொல் தாழின், கை குவிந்தும் நெஞ்சு குவியாது. திருச்சிற்றம்பலம்.