கணையத் திட்டுகளில் கிடந்த சான்று

கணையத்தினுள் சிதறிக் கிடக்கும் சிறு உயிரணுக் கூட்டங்களை, பெர்லினில் மருத்துவம் பயின்ற பால் லாங்கர்ஹான்ஸ் 1869இல் முதன்முதலாக விவரித்தார். லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் எனப்படும் இவற்றில்தான் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்கள் உள்ளன. முதல் வகை நீரிழிவால் இறந்த குழந்தைகளின் திட்டுகளில் நிணவணுக்கள், அதாவது கிருமிகளை எதிர்க்க வேண்டிய வெள்ளையணுக்கள், மொய்த்திருப்பதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நோயியல் அறிஞர் சிலர் கண்டிருந்தனர். 1922இல் டொரன்டோவில் இன்சுலின் சிகிச்சை தொடங்கியபின் அக்காட்சி அரிதாயிற்று. நோய் கண்ட சில வாரங்களில் மடிந்துவந்த குழந்தைகள் இப்போது பிழைத்தனர். பல்லாண்டு கழித்து அவர்கள் இறந்தபோது பீட்டா செல்கள் அழிந்திருந்தன, அவற்றைத் தாக்கிய அணுக்களும் அகன்றிருந்தன.

இச்சான்றை மீட்டவர் பெல்ஜியத்தின் வில்லி கெப்ட்ஸ். நோய் தொடங்கிய சில மாதங்களுக்குள் இறந்த இளம் நோயாளிகள் 22 பேரின் கணையத் துண்டுகளைத் தேடிச் சேர்த்து ஆராய்ந்த அவர், அவர்களுள் 15 பேரிடம் நிணவணுக்களின் ஊடுருவல் இருந்ததை 1965இல் வெளியிட்டார். இந்நோய், உடலின் காப்பு அமைப்பே தன் உறுப்பைத் தாக்கும் தன்னுடல் தாக்கு நோய் என்னும் கருத்து இங்கிருந்தே வலுப்பெற்றது. திட்டுகளுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் நோயாளிகளின் குருதியில் இருப்பதை 1974இல் லண்டன் ஆய்வாளர்கள் காட்டியதும் அது உறுதியாயிற்று.

அதே பத்தாண்டில், ஆறாம் குரோமோசோமிலுள்ள எச்.எல்.ஏ. மரபணுக்களுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு புலப்பட்டது. இவை உருவாக்கும் புரதங்கள், புரதத் துணுக்குகளைத் தட்டில் ஏந்துவதுபோல் ஏந்தி, நிணவணுக்களுள் ஒரு வகையான டி அணுக்களுக்குக் காட்டுபவை. அத்தட்டுகளுள் ஒன்றில் 57ஆம் இடத்தில் அஸ்பார்டிக் அமிலம் இருந்தால் நோய் வாய்ப்பு குறைகிறது என்றும், வேறு அமினோ அமிலம் இருந்தால் கூடுகிறது என்றும் ஜான் டாட் முதலியோர் 1987இல் கண்டனர். ஒரேயோர் அமினோ அமிலத்தின் வேறுபாட்டில் இத்தனை பொருள் பொதிந்திருந்தது வியப்புக்குரியது.

கிளாஸ்கோவில் ஆலன் ஃபௌலிஸ், பிரிட்டனில் இருபது வயதுக்குள் இந்நோயோடு இறந்தோரின் கணையத் திசுக்களைக் கால் நூற்றாண்டுக் காலப் பிணக்கூறாய்வுகளிலிருந்து திரட்டினார். அவற்றின் பீட்டா செல்களில் இன்டர்ஃபெரான் ஆல்ஃபா இருந்தது. வைரஸ் புகுந்ததை அண்டை அணுக்களுக்கு அறிவிக்கும் சமிக்ஞைப் புரதம் அது. ஆகவே, தாக்கப்படும் அணுவே அபாயக் குரல் எழுப்பித் தாக்குவோரை அழைத்திருக்கக் கூடும். 2009இல் மரபணு ஆய்வும் இதனோடு இசைந்தது: வைரஸின் ஆர்.என்.ஏ.வை உணர்ந்து இன்டர்ஃபெரானைத் தூண்டும் ஐ.எஃப்.ஐ.எச்.1 மரபணுவில், அதன் பணியைக் குன்றச் செய்யும் அரிய மாற்றங்கள் உடையோருக்கு நோய் வாய்ப்பு குறைவாக இருந்தது.

இன்டர்ஃபெரானின் செய்தியை அணுவினுள் கடத்தும் ஜாக் நொதிகளைத் தடுக்கும் பாரிசிடினிப் மாத்திரை, புதிதாக நோய் கண்டோரிடம் 48 வாரங்கள் பீட்டா செல்களின் திறனை ஓரளவு காத்ததென ஆஸ்திரேலிய ஆய்வு 2023இல் அறிவித்தது. ஃபௌலிஸ் திரட்டிய திசுக்கள் பதிந்த மெழுகுக் கட்டிகளோ எக்ஸிட்டரில் மீண்டும் மெல்லிய சீவல்களாக வெட்டப்பட்டு, புதிய சாயங்கள் ஏற்று, உருப்பெருக்கியின் கீழ் வைக்கப்பட்டன.