தொலைவிலிருந்து கேட்கும் செவி

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை ஆகிய ஊர்களைக் கடந்து கிழக்கு நோக்கி மலையேறும் நெடுஞ்சாலை, ஊவா மாகாணத்துட் புகுந்ததும் ஹல்துமுல்லையை அடைகின்றது. சாலையின் ஒரு புறத்தே தேயிலைச் சரிவுகள் அப்புத்தளை முகட்டை நோக்கி எழுந்து நிற்கும். மறுபுறத்தே மலை விரைந்திறங்கித் தென்சமவெளியிற் கலக்கும். இக்காட்சியைக் காணப் பயணிகள் பல திசைகளிலிருந்தும் வருவர். இதே சரிவில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கொய்துவரும் மக்களின் மனநோவைக் கேட்க வந்தோர் யாவர், எப்பொழுது வந்தனர், எவ்வழியாக வந்தனர் என்பதே இவ்வுரையின் பொருள்.

2014-ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 29-ஆம் நாள், புதன்கிழமை. தீபாவளி கழிந்து ஒரு வாரமே ஆகியிருந்தது. ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்த கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில், காலை ஏழரை மணியளவில், மலை சரிந்து லயங்களை மூடிற்று. அச்சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-ஆம் ஆண்டிலும் 2011-ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. பிள்ளைகள் பலர் பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்தமையால் உயிர் தப்பினர். அவர்கள் திரும்பி வருவதற்கு வீடு இல்லை. சிலருக்குத் தாய் தந்தையரும் இல்லை. கண்டெடுக்கப்பட்ட உடல்கள் சிலவே. மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டோர் பலர். எஞ்சியோர் முதலில் பாடசாலைகளிலும், பின்னர் மாக்கல்தெனியத் தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கவைக்கப்பட்டனர். புதிய வீடுகள் அவர்கள் கைக்கு வந்தது 2016-ஆம் ஆண்டிலேதான்.

மண்ணை அகற்ற இயந்திரங்கள் வந்தன, இராணுவத்தினர் வந்தனர், அரிசியும் உடையும் வண்டி வண்டியாக வந்தன. இவை யாவும் வேண்டியனவே. ஆயினும், இரவு முழுவதும் மழையோசை கேட்டாலே எழுந்து உட்காரும் சிறுவனுக்கு அரிசி மருந்தாகாது. அவனுக்கு வேண்டியவர் வேறொருவர்.

அவ்வேறொருவரைச் சிகிச்சை உளவியலாளர் என்பர். உளமருத்துவரையும் இவரையும் ஒருவராகவே கருதுவது நம்மவர் வழக்கம். உளமருத்துவர் வைத்தியக் கல்வி பயின்று, மருந்து எழுதும் உரிமை பெற்றவர். சிகிச்சை உளவியலாளரோ உளவியலிற் பட்டம் பெற்று, நோயாளரோடு பழகும் முறையான பயிற்சியை மூத்தோர் மேற்பார்வையிற் பெற்று, சொல்லாலும் பயிற்சியாலும் நோய் தீர்க்க முயல்பவர். 1896-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் லைட்னர் விற்மர் என்னும் அறிஞர், பாடத்திற் பின்தங்கிய பிள்ளைகளுக்காகத் திறந்த நிலையமே இத்தொழிலின் தொடக்கம் என்பர். இக்கலை பாடசாலைப் பிள்ளையிலிருந்து பிறந்தது என்பதை ஆசிரிய உலகம் நினைவிற் கொள்ளுதல் தகும். நமக்கு அண்மையில், பெங்களூரின் அகில இந்திய மனநல நிலையத்தில் 1955-ஆம் ஆண்டில் இத்துறைக்கான பயிற்சி தொடங்கியது. இலங்கையில் இதற்கான பட்டமேற்படிப்பு தோன்றுவதற்குப் பின்னும் பல ஆண்டுகள் சென்றன. இன்றும் இங்கே இப்பயிற்சி பெற்றோர் மிகச் சிலர். அவர்களுள் தமிழிற் சிகிச்சை செய்ய வல்லார் அதனினும் சிலர்.

அப்படியானால், முன்னாளில் மலையகத்தார் மனநோய்க்கு என்ன செய்தனர்? கோடாங்கியை அழைத்தனர். உடுக்கை ஒலிக்க, உறவினர் சூழ்ந்திருக்க, இரவெல்லாம் ஒருவர் அருகில் அமர்ந்து நோயாளியின் வாயிலிருந்து சொல்லை வரவழைப்பார். அடித்தலும் கட்டிவைத்தலும் அதனோடு கலந்திருந்த இடங்களில் விளைந்த தீங்கை மறைத்தல் கூடாது. எனினும், ஒருவருடைய துன்பத்தை ஊரே கூடியிருந்து கேட்டது என்னும் உண்மையை எள்ளி நகையாடுவதும் அறிவுடைமை அன்று. இழவு வீட்டில் பெண்கள் கட்டியழுத ஒப்பாரியும் அத்தகையதே.

அரசாங்கம் காட்டிய வழி வேறு. 1873-ஆம் ஆண்டின் சித்தசுவாதீனமற்றோர் கட்டளைச் சட்டப்படி, மனநோயாளி மாவட்ட நீதிமன்றத்தின் விசாரணைக்குரியவர் ஆனார். 1926-ஆம் ஆண்டில் கொழும்புக்கு அண்மையில் அங்கொடை மருத்துவமனை அமைந்தது. விரைவிலேயே அதுவும் நிரம்பி வழிந்தது. இலண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையின் எட்வர்ட் மப்பொதர் 1937-ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து நிலைமையைக் கண்டு கடுமையாக எழுதினார். அதன் பயனாக 1939-ஆம் ஆண்டில் கொழும்புப் பொது மருத்துவமனையில், நோயாளி வந்து பார்த்துவிட்டு வீடு திரும்பக்கூடிய ஒரு பிரிவு திறக்கப்பட்டது. கொழும்பில் வாழ்வோர்க்கு அது பேருதவி. ஹல்துமுல்லைச் சரிவில் வாழ்ந்தவருக்கோ அங்கொடை என்பது மலையிறங்கிப் போய், மொழி அறியாத வாசலில் ஒருவரை விட்டுவிட்டுத் திரும்பும் இடமாகவே இருந்தது. திரும்பியவரின் சம்பளமும் அந்நாட்களுக்கு அற்றுப்போயிற்று. தொலைவு என்பது மைலால் மாத்திரம் அளக்கப்படுவதன்று. பேச்சாலும் கூலியாலும் அளக்கப்படுவது.

இம்மக்களின் மனப்புண் மலைச்சரிவோடு தோன்றியதும் அன்று. 1948-ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். 1964-ஆம் ஆண்டில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும், 3,00,000 பேரை இங்கே ஏற்பதென்றும் இரு நாடுகளும் கணக்குப் பார்த்தன. அண்ணன் ஒரு கணக்கிலும் தம்பி மற்றொரு கணக்கிலும் வீழ்ந்தனர். அவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச்சென்ற புகைவண்டியை மலையக மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்றனர். மேடையிற் கதறியவர்களை அமைதிப்படுத்த எந்த உளவளத்துணையாளரும் அந்நாளில் அனுப்பப்படவில்லை. அப்படி ஒரு தேவை உண்டென்று எவரும் எண்ணவுமில்லை.

இனி, குரல் தொலைவைக் கடந்த கதைக்கு வருவோம். வானொலி நேயர்கள் அறியத்தக்க செய்தி ஒன்று இங்குண்டு. இந்திய வானொலி ஏற்றுக்கொண்ட ‘ஆகாசவாணி’ என்னும் பெயரை, அதற்கு முன்பே, 1935-ஆம் ஆண்டில், மைசூரில் தம் இல்லத்தில் அமைத்த சிறு ஒலிபரப்பு நிலையத்துக்குச் சூட்டியவர் எம். வி. கோபாலசுவாமி. அவர் பொறியியலாளர் அல்லர். இலண்டனிற் பயின்று மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்பித்த பேராசிரியர். மனத்தை ஆராய்ந்த ஒருவர் வானலையிலும் நாட்டங்கொண்டது வியப்பன்று.

ஆயினும் வானொலி பேசும், கேட்காது. இருவழியும் செல்வது தொலைபேசி. 1953-ஆம் ஆண்டில் இலண்டனில் சாட் வாரா என்னும் பாதிரியார், உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணுவோர் அழைத்துப் பேசுவதற்கென ஒரு தொலைபேசியை வைத்தார். அழைத்தவர்களுட் பெரும்பாலோர்க்கு அறிவுரை வேண்டியிருக்கவில்லை. கேட்பவர் ஒருவர் வேண்டியிருந்தது என்பதை விரைவிற் கண்டார். அவ்வழியில் 1974-ஆம் ஆண்டில் கொழும்பிற் பிறந்ததே சுமித்ரயோ அமைப்பு. இலங்கையில் தற்கொலை உச்சத்தை அடைந்த 1995-ஆம் ஆண்டளவில், இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் அவ்வாறு மாண்டனர். அவ்வெண்ணிக்கை பின்னர் பெரிதும் வீழ்ந்ததற்குக் கொடிய பூச்சிகொல்லிகளை அரசாங்கம் ஒன்றன்பின் ஒன்றாகத் தடைசெய்தமையே முதற் காரணம் என்பது ஆராய்ந்தோர் கருத்து. பேச்சு எல்லாவற்றையும் செய்துவிடாது என்பதற்கு இதுவே சான்று. கையெட்டும் இடத்தில் நஞ்சு இல்லாதபோதுதான் பேசுவதற்கு நேரம் கிடைக்கின்றது.

திரையில் முகம் பார்த்துச் செய்யும் சிகிச்சையும் நேற்றுத் தோன்றியதன்று. 1959-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் இருவழித் தொலைக்காட்சியால் உளமருத்துவம் செய்து பார்த்தனர். தமிழ் மண்ணில் அதை ஏழையின் வாசலுக்குக் கொண்டுவந்தது சென்னையின் ஸ்கார்ப் நிறுவனம். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் முதற் பெண் கண்காணிப்பாளராக விளங்கி ஓய்வு பெற்ற டாக்டர் சாரதா மேனன், 1984-ஆம் ஆண்டில் அதை நிறுவினார். ஓய்வுக்குப் பின் தொடங்கிய வாழ்க்கைப் பணி அது. 2021-ஆம் ஆண்டில், தொண்ணூற்றெட்டு வயதில் அவர் மறைந்தார். அந்நிறுவனம் 2010-ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. ஊரார் வண்டியில் ஏறி அமர்வர். சென்னையிலிருக்கும் மருத்துவர் திரையில் தோன்றிப் பேசுவார். மருந்தை அவ்வண்டியிலேயே பெற்றுக்கொண்டு இறங்குவர். இதிலே நுட்பம் கருவியில் மாத்திரம் இல்லை. நோயாளியின் அருகில், அவ்வூர்ப் பேச்சறிந்த பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவர் அமர்ந்திருந்தார். திரையிலிருப்பவருக்குப் புலப்படாத கைந்நடுக்கத்தை அவர் கண்டு சொல்ல முடிந்தது.

இலங்கையில், போர்க்காலத்து யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் வேறொரு கோணத்திலிருந்து இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். ஆயிரக்கணக்கானோர் நொந்திருக்கையில் ஒருவர் ஒருவராக அறைக்குள் அழைத்துப் பேசுதல் இயலாது. நொந்திருப்பது தனிமனிதன் மட்டுமன்று, சமுதாயமே என்றார். ஆசிரியரையும் கிராமப் பணியாளரையும் பயிற்றினார். மூச்சுப் பயிற்சியையும், அவரவர் சமயத்துக்கேற்ற மந்திர உச்சரிப்பையும் சிகிச்சையிற் சேர்த்தார். நம் மக்கள் ‘மனச்சோர்வு’ என்று சொல்லி வருவதில்லை. ‘நெஞ்சு அடைக்குது’, ‘உடம்பெல்லாம் எரியுது’ என்றே சொல்லி வருவர். அதைத் தோட்டத்து மருந்துச்சாலையிற் சொன்னால் வலிமாத்திரை கிடைக்கும். அச்சொல்லுக்குள் இருக்கும் துயரத்தைக் கேட்டறிய மொழி அறிந்த செவி வேண்டும்.

மீரியபெத்தையின் துயரத்தில் மற்றோர் இயல்பும் கலந்திருந்தது. உடல் கிடைத்தால் அடக்கம் உண்டு; கருமாதி உண்டு; நாட்கணக்கு உண்டு. உடலே கிடையாதபோது இழவு முடிவதுமில்லை, தொடங்குவதுமில்லை. வியத்நாம் போரிற் காணாமற் போனோரின் குடும்பங்களை ஆராய்ந்த பவுலின் பாஸ் என்னும் அமெரிக்க அறிஞர் இதற்கெனத் தனிப்பெயர் ஒன்றே வகுத்தார். தமிழில் முடிவறியா இழப்பு எனலாம். இத்தகையோரை ‘மறந்துவிடு, ஏற்றுக்கொள்’ என்று அவசரப்படுத்துதல் தவறு என்பது அவர் கண்ட முடிபு. ‘இல்லை’ என்பதையும் ‘எங்கோ இருக்கலாம்’ என்பதையும் ஒரே மனத்திற் சுமந்துகொண்டே நடக்கப் பழக்குவதுதான் சிகிச்சை. சரிந்த மண்ணருகே விளக்கேற்றும் தாயை உளவியலாளர் தடுக்கமாட்டார்.

செய்யத்தகாததையும் சொல்ல வேண்டும். 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின், பல நாடுகளிலிருந்து வந்தோர் பிள்ளைகளை அமர்த்தி, நடந்ததை மறுபடி மறுபடி சொல்லச் செய்தனர். படம் வரையச் செய்தனர். சில நாட்களில் புறப்பட்டுச் சென்றனர். பேரிடர் நடந்த உடனே துயரத்தைத் தோண்டியெடுக்கும் முறையால் நன்மை இல்லை என்பது இன்று பெரும்பாலும் ஒப்புக்கொள்ளப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 2011-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி, பார்த்தல், கேட்டல், இணைத்தல் என மூன்றையே முதலுதவியாக வகுக்கின்றது. ‘பசிக்கிறதா? யாரைத் தேடுகிறாய்?’ என்பவையே முதற் கேள்விகள். கதை தானாக வரும் நாள் வரும். அந்நாளில் கேட்பவர் அங்கே இருக்கவேண்டும். மூன்றாம் நாளில் மூட்டை கட்டியவர் எவ்வாறு இருப்பார்?

2020-ஆம் ஆண்டில் கொள்ளைநோய் உலகை அடைத்தபொழுது, உளவியலாளர் பலர் வேறு வழியின்றித் தொலைபேசியையும் திரையையும் நாடினர். தேசிய மனநல நிறுவகத்துக்கு 1926 என்னும் தொலைபேசி இலக்கம் இரவு பகலாக உண்டு. இம்முறை ஹல்துமுல்லை போன்ற இடங்களுக்கெனவே ஆக்கப்பட்டது போலத் தோன்றும். பாதிதான் உண்மை. லயத்து அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. பக்கத்து அறைக்கும் இதற்கும் இடையே ஒரு சுவர். அச்சுவருக்கு மேலே கூரை வரை சொல் தாராளமாகப் போகும். கணவனின் குடியைப் பற்றி மனைவி அங்கே யாரிடம் என்ன சொல்வாள்? ஆகவே அவள் பேச்சை வைத்தல் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில், மலைமுகட்டில் தொடர்பு கிடைக்கும் ஒரு கல்லருகே அமையக்கூடும்.

இதை அறிந்த உளவியலாளர் நோயைப் பற்றி எடுத்த எடுப்பிலேயே வினவமாட்டார். ‘எங்கிருந்து பேசுகிறீர்கள்? அருகில் யாரேனும் இருக்கிறார்களா? ஆம், இல்லை என்று மட்டும் சொன்னாற் போதும்’ என்று தொடங்குவார். தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், லயத்தின் இலக்கம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்வார். ஆபத்து நேரின் உதவியை எங்கே அனுப்புவது? நம்பத்தக்க உறவினர் ஒருவரின் இலக்கத்தையும் கேட்பார். வாரந்தோறும் ஒரே நாளில், ஒரே மணிக்கு அழைப்பார். பிரட்டுக்குப் போகும் நேரத்தை அறிந்து, கூலி கெடாத மணியைத் தேர்வார். உயிராபத்து இருக்கும் என்று தோன்றினால் தொலைபேசியை நம்பியிருக்கமாட்டார். அண்மையிலுள்ள அரசாங்க மருத்துவமனைக்கு ஆளை அனுப்ப ஏற்பாடு செய்வார்.

ஒக்ரோபர் மாதத்தில் ஊவாவின் இச்சரிவுகளில் பிற்பகல் மழை பலமாகப் பெய்யும். தொடர்பு அறுந்துபோகும். அழுதுகொண்டிருந்தவருக்கு அந்த மௌனம் என்னவாகத் தோன்றும் என்பது சொல்லாமலே விளங்கும். அதனாலே, தொடர்பு அறுந்தால் மறுபடி அழைப்பவர் யார், எத்தனை நிமிடம் காத்திருப்பது, அன்று இயலாவிடின் மறுநாள் எந்நேரம் என்பதையெல்லாம் முதற்பேச்சிலேயே இருவரும் பேசி முடிவு செய்துகொள்கின்றனர்.