பள்ளியில் குடியியல் கல்வி: ஓட்டு முதல் பிறப்புப் பத்திரம் வரை

பூச்சோங்கில் வசிக்கும் 18 வயது மலேசியருக்கு இரண்டு ஓட்டு. ஒன்று நாடாளுமன்றத்துக்கு, இன்னொன்று சிலாங்கூர் சட்டமன்றத்துக்கு. பிரிக்பீல்ட்ஸில் இருப்பவருக்கு ஒன்றே ஒன்றுதான். கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம் என்பதால் அதற்குச் சட்டமன்றம் கிடையாது. குப்பை, கால்வாய் விவகாரங்களைக் கவனிக்கும் சுபாங் ஜெயா மாநகர் மன்றத்துக்கோ யாரும் ஓட்டுப் போடுவதில்லை. ஊராட்சி மன்றத் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டது. இன்று உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது.

இதைப் பிள்ளைகள் எந்தப் பாடத்தில் படிப்பது? 2005-இல் ஆண்டு 4-க்கும் படிவம் 1-க்கும் குடியியல், குடியுரிமைக் கல்வி தனிப்பாடமாக வந்தது. பின்னர் நடந்த பாடத்திட்டச் சீரமைப்பில் அந்தத் தனி இடம் போயிற்று. 2019 ஜூனில் குடியியல் கல்வி திரும்பியது, ஆனால் தனிப்பாடமாக அல்ல. மாதத்தின் நான்காம் வாரத்தில் மலாய், ஆங்கிலம், நன்னெறி, வரலாறு போன்ற பாடங்களுக்குள்ளேயே நடத்த வேண்டும் என்றது கல்வியமைச்சு. அன்பு, மரியாதை, பொறுப்பு, மகிழ்ச்சி ஆகிய நான்கும் அதன் அடிப்படைப் பண்புகள். நல்ல பண்புகள்தாம். ஆனால் ஓட்டுச் சீட்டைப் பற்றியும் அடையாள அட்டையைப் பற்றியும் அவை ஒன்றும் சொல்வதில்லை.

அடுத்த மாதமே, 2019 ஜூலை 16-இல், வாக்களிக்கும் வயதை 21-இலிருந்து 18-க்குக் குறைக்கும் அரசியலமைப்புத் திருத்தத்தை மக்களவை 211 ஓட்டுகளுடன் ஏற்றது. எதிர்ப்பு ஓட்டு ஒன்றுமில்லை. 2021 டிசம்பர் 15 முதல் அது நடப்பில் இருக்கிறது. வாக்காளர் பதிவும் தானாகவே நடக்கிறது. இங்கே கவனிக்க வேண்டியது முகவரி. மைகாட்டில் உள்ள முகவரிப்படிதான் தொகுதி முடிவாகும். தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்கு வந்த குடும்பம் பழைய முகவரியை மாற்றாமல் இருந்தால், பிள்ளையின் முதல் ஓட்டும் பழைய ஊரிலேயே விழும்.

அதைவிடப் பெரிய சிக்கல் குடியுரிமை. 1957 மெர்டேக்கா நாளிலிருந்து 1962 செப்டம்பர் வரை மலாயாவில் பிறந்தவர்களுக்கு, ஒரு சில விலக்குகள் தவிர, பிறப்பே போதுமானதாக இருந்தது. அதன் பின் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்ற விதி வந்தது. பெற்றோரின் திருமணம் சட்டப்படி பதிவாகாவிட்டால் பிள்ளை தாயின் நிலையையே பின்பற்றும். முஸ்லிம் அல்லாதார் திருமணங்களைப் பதிவு செய்வது 1982 மார்ச் 1 முதல் கட்டாயம். கோவிலில் தாலி கட்டியதோடு நிறுத்திக்கொண்ட தம்பதியரில் தந்தை மலேசியர், தாய் வெளிநாட்டவர் என்றால், இங்கே பிறந்த பிள்ளைக்கும் குடியுரிமை தானாகக் கிடைக்காது. பிறகு அரசியலமைப்பின் 15ஏ பிரிவின்கீழ் விண்ணப்பம், உள்துறை அமைச்சின் பதிலுக்காகக் காத்திருப்பு என்று ஆண்டுகள் போகும்.

மைகாட் எடுக்கும் வயது 12. தமிழ்ப்பள்ளியில் அது ஆறாம் ஆண்டு. பிறப்புப் பத்திரத்தில் குடியுரிமை என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பல வீடுகளில் முதன்முதலாக உற்றுப் பார்ப்பதே அப்போதுதான். வகுப்பில் அந்த ஒரு வரியைப் படிக்கச் சொல்லிக்கொடுக்க அரை மணி நேரம் போதும். ஆண்டு 4-லேயே செய்தால், பத்திரத்தில் சிக்கல் உள்ள குடும்பத்துக்குத் தேசியப் பதிவு இலாகாவின் படியேற இன்னும் இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கும்.