யாருடைய படம்? காஸ்டில்யோனே சீமாட்டியின் நிழற்படங்கள்

நிழற்படமும் கலைப்படைப்பாகலாம், அதற்கும் பதிப்புரிமை உண்டு என்ற தீர்ப்பைப் பிரான்சின் உச்ச நீதிமன்றம் 1862இல் உறுதிசெய்தது. வழக்குத் தொடுத்தது பாரிசின் மேயர் - பியர்சன் நிழற்படக்கூடம். அனுமதியின்றிப் படியெடுக்கப்பட்ட உருவப்படங்களுள் ஒன்று இத்தாலிய அரசியலாளர் காவூருடையது. காவூரின் உறவினரான ஒரு பெண்ணும் 1856 முதல் இதே கூடத்திற்கு வந்து படமெடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் விர்ஜீனியா ஓல்டோய்னி, காஸ்டில்யோனே சீமாட்டி. 1837இல் புளோரன்சில் பிறந்தவர். இத்தாலிய ஒருங்கிணைப்புக்கு ஆதரவு திரட்டப் பாரிசுக்கு அனுப்பப்பட்டு மூன்றாம் நெப்போலியனின் காதலியானவர் என்ற ஒரே வரியில் பழைய வரலாறுகள் அவரை முடித்துவிடும். பியர்சனின் கருவிமுன் ஏறத்தாழ நாற்பதாண்டுக் காலத்தில் அவர் உருவாக்கிய நானூறுக்கும் மேற்பட்ட படங்கள் வேறு கதை சொல்கின்றன.

திஸ்தேரி 1854இல் காப்புரிமை பெற்ற சிற்றட்டைப் படம் உருவப்படத்தை மலிவாக்கியது. தோற்றநிலையையும் அச்சில் வார்த்தது. தூண், திரைச்சீலை, சட்டகம் முழுதும் விரிந்த கிரினோலின் பாவாடை: அரசியானாலும் வணிகர் மனைவியானாலும் ஏறக்குறைய ஒரே நிற்பு. காஸ்டில்யோனேயோ உடை, நிலை, படத்தின் தலைப்பு யாவற்றையும் தாமே வகுத்தார். கொலோடியன் தகட்டில் நீலம் வெளுத்தும் சிவப்பு கறுத்தும் பதியும். இழந்த வண்ணத்தை ஓவியர் அக்விலின் ஷாடின் தூரிகையால், தம் குறிப்புகளின்படி, மீட்டுக்கொண்டார்.

1863இல் அரண்மனை நடனவிருந்து ஒன்றுக்கு அவர் எத்ரூரியா அரசியாக வேடம் புனைந்து சென்றார். அவ்வுடை வம்புப் பேச்சானது. பிரிந்து வாழ்ந்த கணவர், மகனைப் பறித்துக்கொள்வதாக மிரட்டினார். அதே உடையில், கையில் குறுவாளுடன் எடுத்த படமொன்றை அவருக்கு அனுப்பினார் சீமாட்டி. படத்தின் பெயர், 'பழிவாங்கல்'.

பாவாடையை உயர்த்திக் கால்களை மட்டும் காட்டிய படங்களும் உண்டு. அக்காலத்தில் அது நடனக்காரிக்கும் விலைமகளிர்க்கும் உரியதாகக் கருதப்பட்ட காட்சி. ஆணின் கண்ணாலேயே அவர் தம்மைப் பார்த்துக்கொண்டார் என்று அபிகெயில் சாலமன்-கோடோ 1986இல் வாதிட்டார். கால்களைப் பொறுத்தவரை அது வலுவான வாசிப்பு. குறுவாளை அது விளக்குவதில்லை. 1890களில், அழகு கரைந்து கூந்தல் மெலிந்த பின்னும் அவர் மீண்டும் கருவிமுன் வந்து நின்றதையும் விளக்குவதில்லை. ரசிக்க எந்தப் பேரரசரும் அப்போது இல்லை.

1899இல் அவர் மறைந்தார். கவிஞர் மோந்தெஸ்கியூ திரட்டிய படங்களுள் பல இன்று நியூயார்க் மெட்ரோபொலிடன் அருங்காட்சியகத்தில் உள்ளன. அட்டவணையில் கலைஞர் என்ற இடத்தில் இருக்கும் பெயர் பியர்சன்.