ஆடையும் அறமும்

உணவுக்கு அடுத்தபடியாக மனிதனுக்கு இன்றியமையாதது உடை. நாம் அணியும் சட்டை ஒன்று கடைக்கு வருமுன், பருத்தி விளைப்போர், நூற்போர், நெய்வோர், சாயமிடுவோர், தைப்போர் எனப் பலருடைய கைகளைக் கடந்து வருகின்றது. இவர்களுள் ஒருவருக்குத் தீங்கு நேருமாயின் அதற்குப் பொறுப்பாவார் யார்? வேலை வாங்கிய ஆலை முதலாளியா? அவருக்கு வேலை கொடுத்த வணிக நிறுவனமா? விலை மலிவு ஒன்றையே நோக்கிய நாமா? இக்கேள்விக்கு விடை காண உலகம் நூறாண்டுகளுக்கு மேலாக முயன்று வந்திருக்கின்றது. அம்முயற்சி மூன்று படிகளில் அமைந்தது எனலாம். முதற்படி முத்திரை, இரண்டாம் படி சட்டம், மூன்றாம் படி ஒப்பந்தம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நியூயார்க், சிகாகோ முதலிய அமெரிக்க நகரங்களில் ஆடைத் தொழில் பெரிதும் குத்தகை முறையில் நடைபெற்றது. வணிகர் துணியை வெட்டித் தருவார். குத்தகைக்காரர் அதனைத் தைத்துத் தர ஒப்புக்கொள்வார். குறைந்த கூலி கேட்டவருக்கே வேலை கிட்டிற்று. ஆதலின் போட்டியின் பளு முழுவதும் ஊசி பிடித்தவர் தலைமேல் வந்து விழுந்தது. நெருக்கமான குடியிருப்புகளின் இருண்ட அறைகளிலே பெண்களும் சிறுவர்களும் நெடுநேரம் தைத்தனர். அவர்களுக்குத் தாம் பொறுப்பல்லர் என்று வணிகர் எளிதாக ஒதுங்கிக்கொள்ள முடிந்தது.

இந்நிலையை எதிர்த்தவர்களுள் முதன்மையானவர் புளோரன்ஸ் கெல்லி அம்மையார். 1893-இல் இல்லினாய் மாநிலத்தின் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளராக அமர்ந்த இவர், 1899-இல் தேசிய நுகர்வோர் கழகத்தின் பொதுச் செயலாளரானார். அக்கழகம் 'வெள்ளை முத்திரை' ஒன்றை வகுத்தது. மாநிலத் தொழிற்சாலைச் சட்டத்தை மதித்து, ஆடை முழுவதையும் தன் ஆலைக்குள்ளேயே தைத்து, பதினாறு வயதுக்குட்பட்டோரை அமர்த்தாமலும், மிகைநேர வேலை வாங்காமலும் இருந்த ஆலைக்கே அம்முத்திரை கிடைத்தது. முத்திரையுள்ள ஆடையையே வாங்குமாறு கழகம் மக்களை வேண்டிற்று. வாங்குவோருக்கும் கடமை உண்டு என்று உணர்த்தியது இதன் சிறப்பு. ஆயினும் முத்திரை வேண்டாம் என்ற முதலாளியை அது தீண்ட இயலவில்லை.

1909-இல் நியூயார்க்கின் சட்டை தைக்கும் தொழிலாளர் ஏறத்தாழ 20,000 பேர் வேலைநிறுத்தம் செய்தனர். அவருட் பெரும்பாலோர் புலம்பெயர்ந்து வந்த யூத, இத்தாலிய இளம்பெண்கள். பல ஆலைகள் இணங்கின; டிரையாங்கிள் என்னும் ஆலையோ தொழிற்சங்கத்தை ஏற்க மறுத்தது. 1911 மார்ச் 25-ஆம் நாள் அவ்வாலை இருந்த கட்டடத்தின் எட்டாம் மாடியில் தீப்பற்றியது. ஒன்பதாம் மாடியில் ஒரு படிக்கட்டின் கதவு பூட்டிக் கிடந்தது. தீயணைப்போரின் ஏணி ஆறாம் மாடிக்கு மேல் எட்டவில்லை. வெளிப்புற இரும்புப் படியோ பாரம் தாங்காது முறிந்து வீழ்ந்தது. 146 உயிர்கள் மாண்டன.

உரிமையாளர் இருவர்மீதும் வழக்குத் தொடரப்பட்டது. கதவு பூட்டியிருந்தது என்பது மட்டுமன்று, அதனை அவர்கள் அவ்வேளையில் அறிந்திருந்தனர் என்பதும் ஐயமற மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்ற நிலையில், அவ்வாண்டு டிசம்பரில் இருவரும் விடுதலையாயினர். நீதிமன்றத்தில் கிட்டாதது சட்டமன்றத்தில் ஓரளவு கிட்டியது. நியூயார்க் மாநிலம் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் முப்பதுக்கு மேற்பட்ட தொழிற்சட்டங்கள் பிறந்தன. அத்தீயைத் தம் கண்ணால் கண்ட பிரான்சிஸ் பெர்க்கின்ஸ் அம்மையார், 1933-இல் அமெரிக்காவின் தொழிலாளர் துறைச் செயலாளரானார்.

ஆனால் சட்டத்தின் கை நாட்டின் எல்லையோடு நின்றுவிடும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தையல் தொழில் கூலி மலிவான நாடுகளைத் தேடிச் சென்றது. பழைய குத்தகை முறை கடல் கடந்து மீண்டும் தோன்றியது. 1990-களில் பெரு நிறுவனங்கள் தத்தமக்கு நன்னடத்தை விதிகளை வகுத்துக்கொண்டன. அவற்றைக் கண்காணிக்கத் தணிக்கையாளரை அனுப்பின. விதியை எழுதியவரும், தணிக்கைக்கு ஏற்பாடு செய்தவரும், மலிவு விலை கேட்டவரும் பெரும்பாலும் ஒருவரே! தொழிலாளரின் குரலுக்கு அங்கே இடம் அரிதாயிற்று.

இதன் விளைவை 2013 ஏப்ரல் 24 உலகுக்குக் காட்டிற்று. வங்காள தேசத்தில் டாக்கா நகருக்கு அண்மையிலுள்ள சவாரில், ராணா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடம் இடிந்து வீழ்ந்தது. முந்திய நாளே சுவர்களில் வெடிப்புகள் காணப்பட்டன. கீழ்த்தளத்துக் கடைகளும் வங்கியும் மூடப்பட்டன. தையல் தொழிலாளரோ மறுநாள் காலை வேலைக்கு அழைக்கப்பட்டனர். 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கிருந்த ஆலைகளுட் சில முன்னரே தணிக்கை செய்யப்பட்டவை. ஆயின் அத்தணிக்கை கட்டடத்தின் உறுதியை ஆராயவில்லை.

சில வாரங்களுக்குள் மூன்றாம் படி தோன்றியது. உலகத் தொழிற்சங்கங்களும் ஆடை நிறுவனங்களும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. 200-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் இணைந்தன. இது வெறும் வாக்குறுதியன்று, சட்டப்படி நிறைவேற்றத்தக்கது. சார்பற்ற பொறியாளர் ஏறத்தாழ 1,600 ஆலைகளை ஆராய்ந்தனர், அறிக்கைகள் வெளியிடப்பட்டன, பழுது நீக்கும் செலவுக்கு வழி செய்யும் கடமை வாங்கும் நிறுவனத்துக்கும் உண்டு என வகுக்கப்பட்டது. அபாயமான இடத்தில் வேலை செய்ய மறுக்கும் உரிமை தொழிலாளருக்கு உறுதியாயிற்று. நம் நாட்டிலும் 2022-இல் திண்டுக்கல் வட்டார ஆலைகளில், பெண் தொழிலாளர் மீதான வன்முறையைத் தடுக்க, பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் ஒன்று ஆலை நிறுவனத்தோடும் பன்னாட்டு நிறுவனங்களோடும் இத்தகைய ஒப்பந்தம் செய்துகொண்டது.

மாணவர்களே! முத்திரை வாங்குவோரின் மனச்சான்றை எழுப்பிற்று. சட்டம் முதலாளியைக் கட்டிற்று. ஒப்பந்தம் தொலைவிலுள்ள வணிகரையும் பொறுப்பேற்கச் செய்தது. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது, மூன்றும் வேண்டும். இவற்றுக்கெல்லாம் அடிப்படை, தொழிலாளர் அச்சமின்றித் தம் குறையை எடுத்துரைக்கும் உரிமையே. வெடித்த சுவரை முதலில் காண்பவர் அதன் அருகிலிருந்து உழைப்பவரன்றோ? 'உள்ளே வரமாட்டோம்' என்று அவர் சொல்லவும், அச்சொல்லுக்குப் பிறர் செவிசாய்க்கவும் இயலுமாயின், அங்கே அறம் நிலைபெற்றது எனலாம்.