மலரறையில் இட்ட கட்டில்

குடியின் தீமையைப் பற்றிப் பேசுவோர் பலர். அத்தீமையை அறியாத தெரு நம் நாட்டில் இல்லையாதலால், அதனை மீண்டும் எடுத்துரைப்பதற்காக நேயர்களின் நேரத்தை நான் கேட்கவில்லை. குடித்துக் கெட்டவனை உலகம் என்ன செய்தது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில், 1939 ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் அக்ரன் நகரத்து மருத்துவமனை ஒன்றில் நடந்த ஒரு நிகழ்ச்சியையே இன்று முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன்.

குடிவெறி ஒரு நோய் என்ற எண்ணம் புதியதன்று. பெஞ்சமின் ரஷ் என்ற அமெரிக்க மருத்துவர் 1784 இலேயே மதுவினால் உடலுக்கும் மனத்துக்கும் விளையும் கேடுகளை ஆராய்ந்து எழுதினார். பிரிட்டிஷ் கடற்படையில் மருத்துவராக இருந்த தாமஸ் டிராட்டர் 1804 இல் வெளியிட்ட நூலில், குடிப்பழக்கம் மனத்தைப் பற்றிய நோய் என்று தெளிவாகவே கூறினார். நோயாளியின் நம்பிக்கையைப் பெற்ற பின்னரே மருத்துவன் மற்றவற்றைத் தொடங்க வேண்டும் என்பதும் அவர் கருத்து. நூல்கள் அலமாரியில் இருந்தன. குடிகாரர்களோ சிறையிலும் பைத்தியக்கார விடுதியிலும் இருந்தனர். நூறாண்டுக்கு மேலும் நிலைமை ஏறக்குறைய அவ்வாறே நீடித்தது. 1920 முதல் 1933 வரை அமெரிக்கா நாடு முழுவதிலும் மதுவிலக்கைச் செயற்படுத்திப் பார்த்துக் கைவிட்டது. கடையை அடைக்கச் சட்டத்தால் இயன்றது. கை நடுங்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவனை என்ன செய்வது என்று சட்டத்துக்குத் தெரியவில்லை.

அக்ரன், ஒஹையோ மாநிலத்தில் உள்ள ஊர். ரப்பர் டயர்த் தொழிலுக்குப் பெயர் பெற்றது. 1935 ஆம் ஆண்டு மே மாதம் பில் வில்சன் என்பவர் நியூயார்க்கிலிருந்து வியாபார அலுவலாக அங்கே வந்தார். பங்குச் சந்தைத் தரகரான அவர் குடியால் யாவற்றையும் இழந்து, குடியை நிறுத்தி ஐந்து மாதமே ஆகியிருந்தது. வந்த காரியமும் கைகூடவில்லை. தங்கியிருந்த ஹோட்டலின் ஒரு புறத்தில் மதுக்கூடம். மற்றொரு புறத்தில் தொலைபேசி. அவர் தொலைபேசியை நாடினார். அவர் தேடியது மருத்துவரை அன்று, தம்மைப் போன்ற வேறொரு குடிகாரரை! மற்றொருவருக்கு உதவ முயன்றாலொழியத் தாம் மீண்டும் குடித்துவிடுவோம் என்று அவர் அஞ்சினார். அவ்வாறு அறிமுகமானவர் அவ்வூர் அறுவை மருத்துவர் ராபர்ட் ஸ்மித். கால் மணி நேரம் மட்டும் பேசுவதென்று ஒப்புக்கொண்டு வந்த ஸ்மித், ஆறு மணி நேரத்துக்கு மேல் எழுந்திருக்கவில்லை. தம்மிடம் உபதேசம் செய்யாமல் தம் துன்பத்தையே சொன்ன முதல் மனிதரை அவர் அன்று கண்டார். ஒரு முறை சறுக்கிய பின், அவ்வாண்டு ஜூன் 10 ஆம் நாளோடு அவருடைய குடி நின்றது. ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’, அதாவது பெயர் வெளியிடாத குடிநோயாளிகள் சங்கம், அந்த நாளையே தன் தொடக்க நாளாகக் கொள்கிறது.

ஆனால் பேச்சு மட்டும் போதாது. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் உடல் நடுங்கும், வலிப்பு வரலாம், இல்லாதவை கண்ணுக்குத் தோன்றும், சிலருக்கு உயிரே போகும். ஆகவே சில நாட்களேனும் படுக்கையும் மருத்துவக் கண்காணிப்பும் வேண்டும். மருத்துவமனைகளோ குடிகாரர்களைச் சேர்த்துக்கொள்ள விரும்புவதில்லை. கூச்சலிடுவார்கள், கட்டணம் கொடுக்கமாட்டார்கள், மெய்யான நோயாளிக்குரிய கட்டிலை அடைத்துக்கொள்வார்கள் என்பது அவற்றின் எண்ணம். வேறு நோயின் பெயரைச் சொல்லித்தான் ஸ்மித் அவர்களுக்கு இடம் பெற வேண்டியிருந்தது.

அந்நகரத்துப் புனித தாமஸ் மருத்துவமனையில் நோயாளிகளைச் சேர்க்கும் அலுவலைப் பார்த்தவர் சகோதரி இக்னேஷியா என்ற கன்னித்துறவி. 1889 இல் அயர்லாந்தில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே பெற்றோருடன் அமெரிக்கா வந்தவர். இசை ஆசிரியையாகப் பல ஆண்டு உழைத்து, உடலும் மனமும் தளர்ந்து வீழ்ந்த பிறகே, இலேசான வேலையென்று கருதி அவரை இந்த மேசைக்கு அனுப்பினர். தம் மனத்தின் தளர்ச்சியை ஒரு முறை கண்டவருக்குப் பிறர் தளர்ச்சியைக் காணும் கண் கிடைத்துவிடுகிறது போலும்!

1939 ஆகஸ்ட் 16 அன்று ஸ்மித் ஒரு குடிநோயாளியை அழைத்து வந்தார். சகோதரி பதிவேட்டில் ‘கடுமையான இரைப்பை அழற்சி’ என்று எழுதி அவரைச் சேர்த்துக்கொண்டார். 36 ஆண்டு ஆசிரியத் தொழிலில் இருந்தவன் பதிவேட்டில் பொய் எழுதுவதை ஆதரிக்கலாகாது. ஆயினும், நெடுநாள் குடித்தவனுக்கு இரைப்பை அழன்றிருப்பது இயல்பே. ஆதலால் அப்பொய்யில் பாதியாவது உண்மை இருந்திருக்கும்.

மறுநாள் ஸ்மித் மேலும் ஓர் உதவி கேட்டார். நோயாளியைக் காணச் சிலர் வருவார்கள். அவர்கள் தனித்துப் பேச இடம் வேண்டும் என்றார். தனியறை ஒன்றும் காலியாக இல்லை. மற்ற நோயாளிகளுக்கு வரும் மலர்களை ஒழுங்கு செய்து வைக்கும் ஒரு சிற்றறை மட்டுமே இருந்தது. சகோதரி அங்கே கட்டிலை நகர்த்தச் செய்தார். பிறகு பார்க்க வந்தவர்களைக் கண்டு அவர் வியப்புற்றார். அவர்கள் நன்றாக உடுத்திய, கண்ணியமான மனிதர்கள். ஒவ்வொருவரும் முன்னாள் குடிநோயாளி.

இந்தச் சிகிச்சையின் சூட்சுமம் முழுவதும் அம்மலரறையில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கட்டில் உடலுக்காக; பார்க்க வந்தவர் மனத்துக்காக. படுத்திருப்பவன் தன் வெட்கத்தை அவர்களிடம் விளக்கத் தேவையில்லை. அவர்களே முன்பு அதனை அனுபவித்தவர்கள். பின்னர் அம்மருத்துவமனையில் குடிநோயாளிகளுக்கென்றே தனிக்கூடம் அமைந்தபோதும் இம்முறையே தொடர்ந்தது. ஐந்து நாள் தங்கல். அழைத்து வந்து பொறுப்பேற்கும் துணைவர் ஒருவர். நாள்தோறும் சங்கத்தாரின் வருகை. எப்போதும் சூடாக இருக்கும் காப்பிப் பாத்திரம். இரண்டு நாள் முன்பு வந்தவன் அன்று வந்தவனுக்குத் துணையிருப்பான். விடைபெறும்போது சகோதரி ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறு சமயச் சின்னத்தைக் கொடுப்பார். மீண்டும் குடிக்க நினைத்தால், குடிப்பதற்கு முன் நேரில் வந்து அதனைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஒப்பந்தம். ஒரு மாணவனை நெடுநாள் அறிந்த ஆசிரியையின் தந்திரம் இது. தண்டனை இல்லை, வழியில் ஒரு முகத்தை நிறுத்திவைப்பது மட்டுமே.

ஸ்மித் 1950 இல் மறைவதற்குள் சுமார் 5,000 குடிநோயாளிகளுக்குக் கட்டணமின்றி மருத்துவம் பார்த்தார். 1952 இல் கிளீவ்லாந்துக்கு மாற்றப்பட்ட சகோதரி, அங்கே புனித வின்சென்ட் மருத்துவமனையில் ‘ரோசரி ஹால் சொலேரியம்’ என்ற புதிய கூடத்தைத் தொடங்கினார். அப்பெயரின் முதலெழுத்துகள் ஆர், எச், எஸ். ராபர்ட் ஹோல்புருக் ஸ்மித் என்ற பெயரின் முதலெழுத்துகளும் அவையே. 1956 இல் அமெரிக்க மருத்துவச் சங்கம், குடிநோயாளிகளை மருத்துவமனைகள் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று தீர்மானித்தது. இரைப்பை அழற்சி என்று எழுதி 17 ஆண்டுகள் கழிந்திருந்தன!

குடிநோயாளியின் குடும்பத்துக்கும் சிகிச்சை வேண்டும் என்பது சற்றுத் தாமதமாகவே உணரப்பட்டது. 1951 இல் பில் வில்சனின் மனைவி லோயிஸ், குடிநோயாளிகளின் உறவினருக்கென்று ‘அல்-அனான்’ என்ற சங்கத்தை மற்றொரு பெண்மணியோடு சேர்ந்து நிறுவினார். கணவன் திருந்தினாலும் மனைவியின் அச்சம் அன்றே தீர்ந்துவிடுவதில்லை என்பதை அவர் தம் வீட்டிலேயே கண்டிருந்தார். தந்தையின் குடியால் பள்ளிக்கு வராமற்போன பிள்ளைகளின் பெயரை ஆண்டுதோறும் பதிவேட்டிலிருந்து நீக்கிய எனக்கு, இதில் ஐயமே இல்லை.

நம் மாநிலத்துக்கு வருவோம். 1937 அக்டோபரில் இராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948 இல் அது சென்னை மாகாணம் முழுவதும் பரவியது. 1971 இல் நிறுத்திவைக்கப்பட்டது. அதன் நன்மையைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. ஆயினும் அது கடையைப் பற்றிய நடவடிக்கை. மனிதனைப் பற்றிய முயற்சி, குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் என்ற பெண்மணியால் 1980 இல் சென்னையில் தொடங்கிற்று. கணவர் டி. டி. ரங்கநாதனின் பெயரால் அவர் நிறுவிய அறக்கட்டளையிலிருந்து டி.டி.கே. மருத்துவமனை எழுந்தது. அங்கே மருந்தோடு ஆலோசனையும், நோயாளியோடு குடும்பத்தாருக்குத் தனிப் பயிற்சியும், வீடு திரும்பிய பின் தொடர்ந்த கவனிப்பும் சிகிச்சையின் பகுதிகளாக வைக்கப்பட்டன. நகரத்துக்கு வர இயலாத உழவர்களுக்காக, 1989 முதல் மஞ்சக்குடியிலும் பிற கிராமங்களிலும் ஊராரின் ஒத்துழைப்போடு முகாம்கள் நடந்தன. அம்முகாம்களில் நோயின் பெயரை மாற்றி எழுத வேண்டிய தேவை எவருக்கும் இருக்கவில்லை. மனைவியரும் உடன் வந்து அமர்ந்தனர்.