ஏட்டில் எழுதிய உரிமை

உரிமை என்னும் சொல்லைச் சட்ட நூலில் எழுதுவது எளிது. அதனைக் கூலிக்கு உழைக்கும் ஒருவனுடைய கைக்குக் கொண்டு சேர்ப்பதே கடினம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. சட்டம் பயன் தர வேண்டுமாயின், அதனை நிறைவேற்றும் அமைப்பு ஒன்று வேண்டும்; முறையிட வருவோர்க்கு அதன் வாயில் திறந்திருக்க வேண்டும்; தவறு செய்வோரைத் தட்டிக் கேட்கும் வலிமையும் அதற்கு வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும் உரிமை ஏட்டளவிலேயே நின்றுவிடும். அமெரிக்க நாட்டின் சம வேலைவாய்ப்பு ஆணையம் அவ்வலிமையைப் படிப்படியாகப் பெற்ற வரலாறு இதற்கு நல்லதொரு சான்றாகும்.

முதல் முயற்சி

அமெரிக்காவில் அடிமை முறை 1865ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. ஆயினும், அதன் பின்னர் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் வரை நல்ல வேலைகளின் கதவுகள் கறுப்பின மக்களுக்குப் பெரும்பாலும் அடைபட்டே இருந்தன. இரண்டாம் உலகப் போரின்போது தளவாடத் தொழிற்சாலைகள் ஆட்களைத் தேடிய வேளையிலும் அவர்கள் புறக்கணிக்கப்பட்டனர். தொழிற்சங்கத் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ப், தலைநகர் வாஷிங்டனை நோக்கிப் பேரணி நடத்தப்போவதாக அறிவித்தார். அதன் விளைவாக, 1941 ஜூன் 25ஆம் நாள் அதிபர் ரூஸ்வெல்ட் ஆணை ஒன்றைப் பிறப்பித்தார். பாதுகாப்புத் தொழில்களில் இன வேற்றுமை காட்டலாகாது என்று அது விதித்தது. அதனைக் கண்காணிக்கக் குழு ஒன்றும் அமைந்தது. பேரணி கைவிடப்பட்டது. ஆனால், அக்குழு விசாரிக்கலாம், அறிவுரை கூறலாம்; அதற்கு மேல் ஒன்றும் செய்ய இயலாது. போர் முடிந்த மறு ஆண்டே, 1946இல், அதுவும் மறைந்தது.

சட்டமும் சமரசமும்

1964 ஜூலை 2ஆம் நாள் அதிபர் லிண்டன் ஜான்சன் குடிமை உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். இனம், நிறம், சமயம், பால், பூர்விக நாடு ஆகியவற்றைக் காரணமாகக் கொண்டு வேலையிலும் ஊதியத்திலும் பதவி உயர்விலும் வேற்றுமை காட்டுவதை அதன் ஏழாம் பகுதி தடை செய்தது. அதனை நிறைவேற்ற ஐவர் அடங்கிய ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. ஒரே கட்சியைச் சார்ந்தோர் மூவருக்கு மேல் அதில் இருத்தல் கூடாது என்பதும் விதியாயிற்று.

ஆனால், இச்சட்டம் செனட் சபையைக் கடப்பதற்கு ஒரு விலை கொடுக்க நேர்ந்தது. தென் மாநில உறுப்பினர்கள் பல வாரங்கள் ஓயாது பேசியே வாக்கெடுப்பைத் தடுத்து வந்தனர். சிறுபான்மைக் கட்சித் தலைவர் டர்க்சனின் ஆதரவைப் பெற்றாலன்றி அத்தடையை உடைக்க வழியில்லை. அதற்காகச் செய்துகொண்ட சமரசத்தில் ஆணையத்தின் அதிகாரமே குறைக்கப்பட்டது. ஆணையம் முறையீட்டைப் பெறலாம்; விசாரிக்கலாம்; இரு தரப்பையும் அழைத்து இணக்கம் காணலாம். முதலாளி இணங்க மறுத்தால் ஆணையம் அவர்மீது வழக்குத் தொடர முடியாது. வேலையிழந்து நிற்கும் தொழிலாளியே வழக்கறிஞரைத் தேடி நீதிமன்றப் படியேற வேண்டும். பல் பிடுங்கிய பாம்பாகவே அவ்வாணையம் பிறந்தது எனலாம்.

முறையீடுகள் குவிந்தன

1965 ஜூலை 2ஆம் நாள் ஆணையம் பணியைத் தொடங்கியது. முதல் ஆண்டில் 2,000 முறையீடுகள் வரலாம் என எதிர்பார்த்தனர்; வந்தவையோ 8,852. அவற்றுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, பெண் என்பதால் நேர்ந்த வேற்றுமையைப் பற்றியவை. ஆணையமோ தொடக்கத்தில் பெண்களின் குறையைப் பெரிதாகக் கருதவில்லை. அந்நாளில் செய்தித்தாள்கள் வேலை விளம்பரங்களை ஆணுக்கென ஒரு பத்தியாகவும் பெண்ணுக்கென வேறொரு பத்தியாகவும் வெளியிட்டு வந்தன. அவ்வழக்கம் சட்டத்துக்கு மாறானது என்று ஆணையம் உறுதியாகக் கூறுவதற்கு 1968ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. முறையிட்டோர் விடாது தட்டியதாலேயே அக்கதவு திறந்தது.

தண்டிக்கும் வலிமை இல்லாத ஆணையம், அறியும் வலிமையைப் பயன்படுத்திக்கொண்டது. 1966 முதல் பெரிய நிறுவனங்கள், தங்களிடம் எந்தெந்தப் பணியில் எந்த இனத்தவர் எத்தனை பேர், ஆண்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டியதாயிற்று. 'நாங்கள் எவரையும் ஒதுக்கவில்லை' என்று வாயால் சொல்வது எளிது. எண்ணிக்கை அவ்வாறு மறைக்காது.

நரிக்கும் கொக்குக்கும் ஒரே கிண்ணமா?

வட கரோலினா மாநிலத்தில் டியூக் மின்சார நிறுவனத்தின் டான் ரிவர் நிலையம் இருந்தது. அங்கே வேலை செய்த 95 பேரில் 14 பேர் கறுப்பினத்தவர். அவர்களுக்குக் கூலிப் பிரிவு ஒன்றே திறந்திருந்தது. அப்பிரிவின் மிக உயர்ந்த ஊதியம்கூட ஏனைய இயக்கப் பிரிவுகளின் மிகக் குறைந்த ஊதியத்துக்குக் கீழாகவே இருந்தது. சட்டம் நடைமுறைக்கு வந்த அதே 1965 ஜூலை 2ஆம் நாள், நிறுவனம் புதிய விதி ஒன்றைக் கொண்டுவந்தது. ஏனைய பிரிவுகளில் புதிதாகச் சேர விரும்புவோர் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் வைத்திருப்பதோடு இரண்டு தேர்வுகளிலும் தேற வேண்டும் என்பது அவ்விதி. அதில் இனத்தின் பெயரே இல்லை. எல்லாருக்கும் ஒரே விதி.

ஆனால், 1960ஆம் ஆண்டுக் கணக்கின்படி அம்மாநிலத்தில் உயர்நிலைக் கல்வியை முடித்திருந்தோர் வெள்ளை இன ஆண்களில் நூற்றுக்கு 34 பேர். கறுப்பின ஆண்களில் 12 பேரே. நெடுங்காலம் தாழ்ந்த பள்ளிகளில் ஒதுக்கி வைக்கப்பட்டவர்களிடம் பள்ளிச் சான்றிதழைக் கேட்டது அவ்விதி. அதேவேளை, சான்றிதழ் இல்லாமல் முன்னரே சேர்ந்திருந்த வெள்ளை இனத்தவர் அவ்வேலைகளைக் குறைவின்றிச் செய்துவந்தனர்.

கறுப்பினத் தொழிலாளருள் 13 பேர் வழக்குத் தொடர்ந்தனர். 1971 மார்ச் 8ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. நரிக்கும் கொக்குக்கும் ஒரே வகைக் கலத்தில் பால் வைத்துவிட்டுச் சமமாக நடத்தியதாகக் கூறிக்கொள்ளும் பழங்கதையைத் தலைமை நீதிபதி பர்கர் அத்தீர்ப்பில் நினைவூட்டினார். செய்ய வேண்டிய வேலையோடு தொடர்பில்லாத தேர்வு ஓர் இனத்தாரை விலக்குமாயின், நிறுவனத்தின் நோக்கம் நல்லதே ஆயினும் அது தவறு என்பது தீர்ப்பின் சாரம். தேர்வு வேலையோடு பொருந்த வேண்டும் என்று ஆணையம் 1966இலேயே வகுத்திருந்த நெறிமுறைக்கு நீதிமன்றம் பெருமதிப்பு அளித்தது. வழக்காட அதிகாரமற்ற ஆணையத்தின் சொல் இவ்வாறு நீதிமன்றத்தில் ஏறியது.

பல் முளைத்தது

அக்காலத்தில் அமெரிக்காவின் மிகப் பெரிய தனியார் முதலாளி ஏடி அண்டு டி தொலைபேசி நிறுவனம். அங்கே இணைப்புத் தரும் பணியில் இருந்தோர் பெரும்பாலும் பெண்கள். ஊதியம் மிகுந்த தொழில்நுட்பப் பணிகளில் இருந்தோர் பெரும்பாலும் ஆண்கள். 1970இல் அந்நிறுவனம் கட்டணத்தை உயர்த்த அனுமதி கேட்டுத் தகவல்தொடர்பு ஆணையத்தை அணுகியது. சம வேலைவாய்ப்பு ஆணையம் அங்கே குறுக்கிட்டு, வேற்றுமை காட்டும் நிறுவனத்துக்கு அவ்வனுமதி தரலாகாது என்று வாதிட்டது. நேர் வழி அடைபட்டிருந்ததால் பக்க வழியே சென்றது. நிறுவனத்தின் சொந்த ஆவணங்களையே சான்றாகக் காட்டியது.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 1972 மார்ச் மாதத்தில், முதலாளிகள்மீது நேரடியாக வழக்குத் தொடரும் அதிகாரத்தைக் காங்கிரஸ் ஆணையத்துக்கு வழங்கியது. 1973 ஜனவரி 18ஆம் நாள் தொலைபேசி நிறுவனம் உடன்பாட்டுக்கு இணங்கியது. ஏறத்தாழ 15,000 தொழிலாளருக்கு ஏறக்குறைய 15 மில்லியன் அமெரிக்க வெள்ளி இழப்பீடாகக் கிடைத்தது. ஊதிய உயர்வு இதனினும் வேறு. கம்பம் ஏறும் வேலை பெண்ணுக்கும், இணைப்புத் தரும் வேலை ஆணுக்கும் திறந்தது.

வெற்றியும் காவலும்

இதனோடு எல்லாம் நிறைவுற்றதென எண்ணலாகாது. 1970களின் நடுப்பகுதியில் தீர்க்கப்படாத முறையீடுகள் ஓர் இலட்சத்தையும் தாண்டின. காலந்தாழ்ந்த நீதி தொழிலாளிக்குச் சோறு போடாது. பின்னாளில் முதுமை, உடற்குறை ஆகியவற்றால் நேரும் வேற்றுமைகளும் ஆணையத்தின் பொறுப்பில் வந்தன. டியூக் வழக்கில் பிறந்த நெறியை 1991ஆம் ஆண்டுச் சட்டம் தன்னுள் எழுதிக்கொண்டது. ஆயினும் 2025 ஏப்ரலில் அதிபர் டிரம்ப் பிறப்பித்த ஆணை, அந்நெறியின்வழி நடவடிக்கை எடுப்பதை இயன்றவரை குறைக்குமாறு அரசுத் துறைகளைப் பணித்தது. சட்டம் ஏட்டில் இருக்க, அதனைச் செலுத்தும் கை தளரக்கூடும் என்பதை இது காட்டுகிறது.

தேர்வு நடத்துவோரும் எழுதுவோருமாகிய நமக்கு இவ்வரலாற்றில் ஒரு பாடம் உண்டு. எல்லாருக்கும் ஒரே வினாத்தாள் என்பதனாலேயே நீதி நிலைத்துவிடாது. அவ்வினா எதை அளக்கிறது என்றும் கேட்க வேண்டும். அக்கேள்வியை முதலில் எழுப்பியவர்கள் அந்த 13 தொழிலாளர்கள். ஆணையம் அவர்கள் சொல்லுக்குச் செவி கொடுத்தது. நீதிமன்றம் வலிமை கொடுத்தது. கேட்பவர் இன்றேல் ஆணையமும் இல்லை. ஆணையம் உறங்கினால் சட்டமும் இல்லை.